ஒக்கினாவாவின் கணக்கையும் தீர்த்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஜப்பான் பிரதமர் அவர்களுக்கும் அமெரிக்க அதிபர் அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நாடுகளின் நட்பை மனதார மெச்சுபவன் நான். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. 1951 செப்டம்பர் 8 அன்று சமாதான ஒப்பந்தம், பாதுகாப்பு ஒப்பந்தம் இரண்டிலும் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தாகிவிட்டது. பேரரசரை விட்டுவைத்து, குத்தகை விவசாயிக்கு நிலம் கிடைக்கச் செய்து, தோற்ற நாட்டை எழுந்து நிற்க விட்டது அமெரிக்கா. கம்யூனிச பயமும் கொரியப் போரும் அந்தக் கைகுலுக்கலை அவசரப்படுத்தின என்பது உண்மைதான். இருந்தாலும் விளைந்தது நல்லதே.

ஆனால் அந்தச் சமாதான ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு, ஜப்பானின் தெற்கே உள்ள தீவுப் பகுதியான ஒக்கினாவாவை அமெரிக்காவின் கையிலேயே விட்டது. மற்ற ஜப்பான் 1952-ல் சுதந்திரமானது. ஒக்கினாவா 1972 வரை காத்துக் கிடந்தது. ஜப்பானின் நிலப்பரப்பில் அது 0.6 சதவீதம்தான். அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடங்களில் சுமார் 70 சதவீதம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. நட்பு இருவருக்கு, சுமை ஒருவர் தலையில். இது எந்த ஊர் நியாயம்?

ஒக்கினாவாவின் கினோவான் நகர நட்டநடுவே அமெரிக்காவின் ஃபுதென்மா விமானத் தளம். வேலியை ஒட்டியே ஒரு தொடக்கப் பள்ளி. 2017 டிசம்பரில் ராணுவ ஹெலிகாப்டரின் ஜன்னல் கழன்று, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த மைதானத்தில் விழுந்தது. அப்புறம் ஹெலிகாப்டர் நெருங்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் பாடத்தையும் ஆட்டத்தையும் விட்டுவிட்டு ஒதுங்க ஓடினார்கள்.

அமெரிக்கப் படையினர் மூவர் 1995-ல் ஒரு சிறுமியைச் சீரழித்தபோது தீவே கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டே, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் ஃபுதென்மாவைத் திருப்பித் தருவதாக இரு அரசுகளும் வாக்குக் கொடுத்தன. அதே தீவில் ஹெனோகோ கடலைத் தூர்த்து மாற்றுத் தளம் கட்டினால்தான் மூடுவோம் என்பது பின்னர் அதில் சேர்ந்த நிபந்தனை. 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதை வேண்டாம் என்றார்கள். வேலை நிற்கவில்லை.

இத்தனைக்கும் வன்மம் பாராட்டாத மக்கள் அவர்கள். 1945 போரில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். ஒக்கினாவாவின் தென்கோடியில் மபுனியில் அவர்கள் எழுப்பிய நினைவுக் கற்களில் தங்கள் பிள்ளைகளின் பெயர்களோடு, அந்த மண்ணில் மாண்ட 14,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்களையும் செதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நீங்கள் இருவரும் சந்திக்கும்போது ஃபுதென்மாவை மூடும் தேதியை எழுத்தில் கொடுங்கள். ஹெனோகோவைக் காரணம் காட்டாமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நட்பு நிலைக்க விரும்பும் ஒருவன்