டப்பாக்கள் பாம் ஷெல்டரில் இருக்கின்றன

ஈசூன், சிங்கப்பூர்
23 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

பர்மிங்காமிலிருந்து ஒரு மாத லீவில் வீட்டுக்கு வருவதைப் பற்றிப் போனில் நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "எனக்காக முறுக்கு, பிரியாணி எதுவும் செய்யாதீங்கம்மா, பகல்ல சாப்பிடவே மாட்டேன், ராத்திரி ஒரு வேளை சாலட் போதும்" என்றாய் அல்லவா? அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எதுக்கு டிக்கெட் காசு?" என்றார். கோபித்துக்கொள்ளாதே, அவர் சுபாவம் உனக்குத் தெரியும். அங்கே டாக்டர் உன் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொன்ன பிறகும் நீ அலட்சியமாக இருந்திருந்தால்தான் நான் சண்டை போட்டிருப்பேன். எடை குறைய வேண்டும், சரி. நீ போட்டிருக்கும் திட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் மறித்துப் பேசுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பார். பர்மிங்காமில் பண்டிகைச் சாப்பாடு என்றால் கிறிஸ்துமஸை ஒட்டிய சில நாட்களோடு முடிந்துவிடும். இங்கே இந்த முறை தீபாவளி அக்டோபர் 20-ல் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜனவரி 15-ல் பொங்கல், பிப்ரவரி 1-ல் தைப்பூசம், 17-ல் சீனப் புத்தாண்டு, மார்ச் 21-ல் நோன்புப் பெருநாள். நடுவில் யாராவது கல்யாணப் பத்திரிகை வேறு கொண்டுவந்து நீட்டுவார்கள். ஆக மொத்தம் ஐந்து மாதம். இந்த முறை ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவாய். அடுத்த வருஷம் இங்கேயே வந்துவிடப் போகிறாயே, அப்போது என்ன செய்வாய்? ஐந்து மாதம் பட்டினி கிடக்க யாராலும் முடியாது.

உன் அக்கா தாதியாக இருப்பதால் எனக்கு வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பாள், பாதியை நான் திறப்பதே இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவள் அனுப்பியவை உருப்படியாக இருந்தன. 2000-ல் அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. பண்டிகைக் காலத்தில் அவர்களுக்கு ஏறிய எடை சராசரியாக 370 கிராம்தான். எல்லாரும் பயப்படுவது போல மூன்று கிலோ, நாலு கிலோ எல்லாம் இல்லை. ஆனால் ஏறியது அதற்கப்புறம் இறங்கவே இல்லையாம். வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிக்கொண்டே போனால் நாற்பது வயதில் எங்கே நிற்போம் என்று அப்பாவைப் பார்த்தாலே தெரியும். (இதை அவருக்குப் படித்துக் காட்டாதே.)

இன்னொன்று உன் ஊர்க் கதை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 272 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2018-ல் வெளிவந்தது. ஒரு குழு வாரத்துக்கு இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிச் சின்னச் சின்ன யோசனைகளும், எந்தப் பண்டத்தைக் கரைக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற கணக்கும் அவர்களிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான், பட்டினி எதுவும் இல்லை. அந்தக் குழுவுக்கு எடை ஏறவில்லை, மற்றக் குழுவுக்கு ஏறியது. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் அரைக் கிலோ. அதனால் உன் அறைக் கதவுக்குப் பின்னால் எடை பார்க்கும் மெஷினை வைத்திருக்கிறேன். செவ்வாயும் சனியும் காலையில் ஏறு. எனக்குச் சொல்ல வேண்டாம், நீ எழுதி வைத்தால் போதும்.

எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் பயப்படாமல் பார். நீ 172 சென்டிமீட்டர், 74 கிலோ என்றாய். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25 வருகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடம் அதிகம் என்பது உனக்கும் தெரியும், நம் வீட்டு மருந்துப் பெட்டியே சாட்சி. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது, இந்த இரண்டையும் இலக்காக வைத்துக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது என்று 2002-ல் அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. உனக்கு 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ. அதை டிசம்பரிலேயே குறைத்தாக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? டிசம்பரில் ஏறாமல் இருந்தாலே போதும், குறைப்பதை பிப்ரவரியில் வைத்துக்கொள்.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி விருந்துக்குப் போவது எனக்கு ஒத்துவரவே வராத யோசனை. பள்ளி கேண்டீனில் கடை போட்டவள் சொல்கிறேன். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் நேராகப் பொரித்த கோழியிடம்தான் ஓடுவார்கள். வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளை நின்று யோசித்து வாங்கும். நீ பெரியவன் ஆகிவிட்டாய், உன் வயிறு ஒன்றும் பட்டம் வாங்கவில்லை. பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போ.

2011-ல் சுகாதார மேம்பாட்டு வாரியம் பள்ளிகளுக்கு ஆரோக்கிய உணவுத் திட்டம் கொண்டுவந்தபோது நாங்கள் கடைக்காரர்கள் எல்லாரும் முணுமுணுத்தோம். பிள்ளைகள் காயைத் தொடமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போது வாரியம் போடும் அந்தத் தட்டுப் படம் எல்லாருக்கும் தெரியும்: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு மீன், இறைச்சி, பருப்பு, மீதிக் கால் தட்டுதான் சோறு, அதுவும் பழுப்பரிசி மாதிரி முழுத்தானியமாக இருந்தால் நல்லது. நம் ஆட்கள் தட்டில் இது அப்படியே தலைகீழ். சோறு பாதிக்கு மேல், அதன் மேல் குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் சேராது தம்பி. பண்டிகை இல்லாத நாட்களில் வீட்டில் கங்கோங்கோ சாய் சிம்மோ ஏதாவது ஒரு கீரை தினம் இருக்கும், மீனும் இருக்கும். பிரியாணியும் உண்டு, கிறிஸ்துமஸ் அன்று மதியம் மட்டும். அன்றைக்கு நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், அளவுக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

பண்டிகை நாள் சாப்பாட்டால் யாரும் குண்டாவதில்லை என்பது என் கட்சி. அதற்கு மறுநாளிலிருந்து ஆரம்பிக்கிறதே, அதுதான் வினை. அந்தச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் மேசையில் வரிசையாக நிற்கும். டிவி பார்க்கும்போது ஒரு கை, தண்ணீர் குடிக்கப் போகும்போது ஒரு கை. அன்னாசி டார்ட் ஒன்றில் சுமார் 80 கலோரி. மூன்று உள்ளே போனால் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்ட கணக்கு, ஆனால் வயிற்றுக்குச் சாப்பிட்ட நினைப்பே வராது. அதனால் இந்த வருஷம் டப்பா எல்லாவற்றையும் பாம் ஷெல்டரில் (நாம் சாமான் போட்டு வைக்கும் அந்தக் குண்டுக் காப்பறையில்) அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். விருந்தாளி வந்தால் சின்னத் தட்டில் எடுத்து வைப்பேன், போனதும் மூடி உள்ளே போய்விடும். வேண்டும் என்றால் நீயும் எடுக்கலாம், பூட்டெல்லாம் போடவில்லை. எழுந்து போய், மூட்டையை நகர்த்தி, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆசை இருந்தால் அது நியாயமான ஆசைதான். ஒரு சிக்கல், எதிர்வீட்டு சீன ஆன்ட்டிக்கு முறுக்கு கொடுத்தால் பதிலுக்கு அவர் குக்கீஸ் கொடுத்துவிடுகிறார். டப்பா எண்ணிக்கை குறைவதாக இல்லை.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். உட்லண்ட்ஸ் வீட்டுக் கதவைத் திறந்ததும், "என்னப்பா இப்படி ஊதிட்டே?" என்பார். அடுத்த நிமிஷமே உன் தட்டில் மட்டன் விழும். இரண்டுமே பாசம்தான் என்று நான் பூசி மெழுகப் போவதில்லை, முதலாவது வாய்க்கொழுப்பு. உன் எடையைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று அக்காவை விட்டு முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் தடவை நீயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள், மெதுவாகச் சாப்பிடு. காலித் தட்டோடு அங்கே உட்காராதே, காலித் தட்டைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ரொம்ப வற்புறுத்தினால், "கட்டிக் கொடுங்க பெரியம்மா, நாளைக்குச் சாப்பிடறேன்" என்று சொல். அவருக்கும் சந்தோஷம், நாளைக்கு நமக்குச் சமையல் வேலை மிச்சம்.

குடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் பானம் வாங்கும்போது நியூட்ரி கிரேட் எழுத்தை, அதாவது பானத்தின் தரத்தைக் காட்டும் ஏ, பி, சி, டி குறியைப் பார். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து போடுகிறார்கள், மறு வருஷக் கடைசியிலிருந்து கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்துவிட்டது. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. காப்பிக் கடையில் கோப்பி சி கொசோங் கேள் (இந்த 'சி' தரக் குறி இல்லை, டின் பால்), சர்க்கரை போடமாட்டார்கள். தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்) வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு நாள் குடி, யார் வேண்டாம் என்றது? புத்தாண்டு இரவு நண்பர்களோடு பீர் குடிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி, கிட்டத்தட்ட கொழுப்புக்குப் பக்கத்தில் வருகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி அம்மா எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. அப்பாவை உன் பட்டினிக் கூட்டணியில் சேர்க்காதே. அவர் சர்க்கரைக்குப் போடும் மாத்திரைகளில் கிளிபிசைட் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, மயக்கம் வந்துவிடும். மகன் சொன்னால் எதையும் செய்வார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். வேண்டுமென்றால் காலையில் அவரை ஈசூன் குளம் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போ. நான் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பார், நீ கூப்பிட்டால் வலிக்காது.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று அப்பாவுக்கு மெசேஜ் போடு. மழை நாட்கள், குடை கொண்டுவர வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மட்டனா கோழியா என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு, தேக்கா சந்தையில் கறிக்கு முன்பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்
அம்மா