ஏரிக்கரையில் ஸ்பீக்கர் வேண்டாமே

ஆசிரியருக்கு,

மலைமேல் உள்ள ஏரிப் பூங்காவில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். விடியற்காலையில் எதிர்க்கரையில் ஒருவர் துடுப்பைப் படகுக்குள் வைத்த சத்தம்கூட என் காதில் விழுந்தது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருந்தால், ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வரும். அதனால்தான் எட்டு மணிக்கு யாரோ வைத்த ஒரே ஒரு ஸ்பீக்கர் ஏரி முழுவதையும் நிறைத்துவிட்டது. நாணலுக்குள் குஞ்சுகளோடு ஒதுங்கிய நீர்க்கோழி அப்புறம் வெளியே வரவே இல்லை. மனசு கஷ்டமாகிவிட்டது. பாட்டுக் கேட்க ஆசையென்றால் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்று. வெயில் சுள்ளென்று அடித்தாலும் மலை ஏரித் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்து. லைஃப் ஜாக்கெட்டைக் காலடியில் போட்டிருந்த இரண்டு பையன்களிடம் இதைச் சொன்னேன். உடனே மாட்டிக்கொண்டார்கள். படகுத்துறையிலேயே இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி