மதர்போர்டு கம்பெனிகளுக்கு: ஆட்டோன்னா ஆட்டோவாவே இருக்கட்டும்

மதர்போர்டு கம்பெனிகள்ல பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற, செட்டிங்லாம் இருக்கிற மென்பொருள்) எழுதுற எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன வாரம் தம்பிக்கு இன்டெல் 13700கே ப்ராசசர் போட்டு ஒரு மெஷின் அசெம்பிள் பண்ணேன். பயாஸ்ல எதையும் தொடல, சும்மா பவர் லிமிட், அதாவது ப்ராசசர் அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம்னு வச்சிருக்கிற அளவு, எவ்வளவுன்னு பாத்தா 4096 வாட். அந்த ப்ராசசர் டர்போல, அதாவது வேலை கூடும்போது தானா ஸ்பீட ஏத்திக்கிட்டு, போகும்போது அதிகபட்சம் 253 வாட்னுதான் இன்டெல் சொல்லுது. 4096 வாட்ல ரெண்டு ஏசி ஓட்டலாம்ங்க. லிமிட்டே வேணாம்னுதான் அந்த நம்பர போட்டிருக்கீங்க, அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா ஸ்க்ரீன்ல இருக்கிறது "ஆட்டோ"ங்கிற ஒரு வார்த்தைதான்.

இதே ஆட்டோகிட்ட 2019லயே மாட்டுனவன் நான். கல்யாண வீடியோ எடிட் பண்றதுதான் பொழப்பு, அப்ப வச்சிருந்தது இன்டெல் 8700கே ப்ராசசர். சித்திரை வெயில்ல ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுட்டு படுத்தா காலைல மெஷின் ரீஸ்டார்ட் ஆகி நிக்கும், வேலை பாதில போயிருக்கும். மூணு வாரம் இதே கதை. ப்ராசசர் மேல சூடு கடத்த தடவுற பேஸ்ட் மாத்துனேன், பெரிய கூலர் வாங்குனேன், பவர் சப்ளைதான் போச்சோன்னு அதையும் மாத்துனேன், கேபினட் கதவ கழட்டிட்டு டேபிள் ஃபேன் வச்சேன். ஒரு பொண்ணோட அப்பாகிட்ட சொன்ன தேதிக்கு முகூர்த்த வீடியோ குடுக்க முடியாம அவர் வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்பு கேட்டேன். கடைசில போர்ட தூக்கிட்டு சர்வீஸ் சென்டர் போனா அங்க கேட்ட மொத கேள்வி, "ஓவர்க்ளாக் பண்ணிருக்கீங்களா சார்?" ப்ராசசர கம்பெனி சொன்ன ஸ்பீடுக்கு மேல ஓட்டுனீங்களான்னு அர்த்தம். இல்லைங்கன்னு சொன்னேன், நம்பல. வாரண்டி கேட்டு வந்தவன் பொய் சொல்றான்னு ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, அது இன்னும் மறக்கல.

ஓவர்க்ளாக் பண்ணது நீங்கதான். 8700கேவோட பேஸ் ஸ்பீடு 3.7 கிகாஹெர்ட்ஸ், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்க 37 ஆல பெருக்குறது. உள்ள தனித்தனியா வேலை பாக்குற கோர் ஆறு இருக்கு; ஒரே ஒரு கோர் வேலை பாத்தா டர்போல 4.7 வரைக்கும் போகும், ஆறு கோரும் சேந்து ஓடுனா 4.3தான். சூடு, கரண்ட், வாட் எல்லாத்தையும் ப்ராசசரே நொடிக்கு நொடி பாத்து ஏத்தி இறக்கிக்கும், 95 வாட்டுக்கு மேல கொஞ்ச நேரம் போயிட்டு திரும்ப இறங்கிடும். பேர்ல கே இருக்கிற, ஸ்பீட மாத்த விடுற ப்ராசசர ஓவர்க்ளாக் பண்றதுன்னாலே பெரும்பாலும் எத்தனை கோர் ஓடுனா எத்தனை ஆல பெருக்கணும்னு இருக்கிற இந்த டர்போ டேபிள்ல அந்த மல்டிப்ளையர ஏத்துறதுதான், டர்போவும் ஓவர்க்ளாக்கும் ஒரே இடத்துலதான் நடக்குது. அதனாலதான் நீங்க ஆறு கோருக்கும் 47னு போட்டு, நேர லிமிட்டையும் எடுத்துட்டு, அதுக்கு டர்போன்னே பேர் சொல்ல முடிஞ்சது. ஸ்பீட ஏத்துனா வோல்டேஜையும் ஏத்தணும், வோல்டேஜ் ஏறுனா சூடு அதோட வர்க்கத்துல ஏறும், விடிய விடிய ஓடுற எக்ஸ்போர்ட் அத தாங்குமா சொல்லுங்க. பயாஸ்ல எல்லா கோருக்கும் 47 போடுற அந்த ஒரு ஆப்ஷன ஆஃப் பண்ண அன்னைக்கு ராத்திரியிலேருந்து எக்ஸ்போர்ட் ஒழுங்கா முடிஞ்சுது.

நான் கேக்குறது இவ்வளவுதான்: புது போர்ட மொத தடவ ஆன் பண்ணா ப்ராசசர் செஞ்சவங்க சொன்ன லிமிட்ல ஓடணும். அதுக்கு மேல போகணும்னா யூசர் தன் கையால மாத்தணும்.

ஓவர்க்ளாக்குக்கு நான் எதிரி இல்ல. 2011ல 2600கே வாங்கி ராத்திரியெல்லாம் உக்காந்து ஸ்பீடு ஏத்துன கூட்டத்துல நானும் ஒருத்தன், என்ன பண்றோம்னு தெரிஞ்சே பண்ணோம். ஏஎம்டியோட ரைசன் ப்ராசசர்ல பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்ங்கிற, டர்போவ லிமிட்டுக்கு மேல விடுற செட்டிங்க போட போனா அது ஓவர்க்ளாக்தான், டேமேஜ் ஆனா வாரண்டி வராதுன்னு ஏஎம்டியே சொல்லிடுது, நிறைய போர்டுல எச்சரிக்கை காட்டி ஒத்துக்கிறீங்களான்னு கேட்ட பிறகுதான் உள்ள விடுது. அந்த மரியாதைய இங்கயும் குடுக்கலாமே. ரிவ்யூல பக்கத்து கம்பெனி போர்ட விட நாலு பாயின்ட் கூட வரணும்னு எங்க மெஷின ஏன்ங்க பணயம் வைக்கிறீங்க?

2024ல இன்டெல்லோட 13, 14வது தலைமுறை ப்ராசசர்லாம் க்ராஷ் ஆகி எவ்வளவு பெரிய பிரச்சனை ஆச்சு. பழி முழுக்க உங்க மேல இல்ல, ப்ராசசருக்குள்ள ஓடுற மைக்ரோகோடுங்கிற மென்பொருள் வோல்டேஜ அதிகமா கேட்ட தப்ப இன்டெல்லே ஒத்துக்கிட்டு வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டுச்சு. ஆனா அவங்க சொன்ன காரணங்கள்ல லிமிட்ட தாண்டுன போர்டு செட்டிங்கும் ஒண்ணு. அந்த பிரச்சனை ஓடிட்டு இருக்கும்போதே பயாஸ்ல இன்டெல் சொன்ன லிமிட்ல ஓட இன்டெல் டிஃபால்ட்னு தனியா ஒரு செட்டிங் வந்துச்சு. ஒரு டிஃபால்ட்டுக்கு உள்ள இன்னொரு டிஃபால்ட் எதுக்குன்னு எனக்கு நிஜமாவே கோவம் வருது.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க. மறுபடியும் கேக்குறேன், மொத தடவ ஆன் பண்ணும்போது ஸ்பெக்ல ஓடட்டும், மாத்துறத எங்ககிட்ட விடுங்க. சர்வீஸ் சென்டர்ல இருக்கிறவங்களுக்கும் இத சொல்லிக் குடுங்க.

தம்பி மெஷின்ல இன்டெல் சொன்ன லிமிட்டையே, தொடர்ந்து ஓட 125 வாட், டர்போவுக்கு 253 வாட்னு கையால போட்டு குடுத்திருக்கேன். பயாஸ் அப்டேட் பண்ணா அது அழிஞ்சு திரும்ப ஆட்டோவுக்கு போயிடும், அவனுக்கு அது தெரியாது. அடுத்த அப்டேட்லயாவது சரி பண்ணிக் குடுங்க, தயவுசெஞ்சு.