பரிங்கா ஏரிக்கரையில் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். என் கணவர் நேற்று மாலை டனீடின் மருத்துவமனையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் நடந்து வெளியே வந்தார். இங்கே நியூசிலாந்தில் கேம்பர்வேனில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, பரிங்கா ஏரிக்கரையில் அன்றிரவு அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்ததை உறவினரும் நண்பர்களும் முன்பே அறிவீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவிலிருந்து நேற்று வரை எங்களைத் தாங்கியவர்களுக்கு, கைநடுக்கம் முழுவதும் அடங்குவதற்குள்ளாகவே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நியூசிலாந்தின் மேற்குக் கரைச் சாலையில் பல இடங்களில் கைப்பேசி எடுக்காது. அந்த இருட்டில் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சென்று அவசர உதவி எண்ணான 111க்குத் தகவல் சேர்த்த இளம் பயணிகள் இருவருக்கும், முதலில் வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ் பணியாளருக்கும், மேகம் விலகிய சிறு இடைவெளியில் ஹெலிகாப்டரை இறக்கி அவரை ஏற்றிச் சென்ற குழுவினருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். இந்நாட்டின் ஊர்ப்புறங்களில் ஆம்புலன்ஸ் சேவை பெருமளவில் ஊதியம் பெறாத தொண்டர்களால் நடக்கிறது என்பதையும், மீட்பு ஹெலிகாப்டர்கள் அரசின் நிதியோடு பொதுமக்களின் நன்கொடையையும் கொண்டே பறக்கின்றன என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். மருத்துவர்களுக்கும், இரவுப் பணியில் எனக்கும் ஒரு போர்வை கொண்டுவந்த செவிலியர்களுக்கும், முன்பின் அறியாத எங்களுக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும் நாள் தவறாமல் கொடுத்தனுப்பிய டனீடின் தமிழ்க் குடும்பங்களுக்கும், கோவையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு காப்பீட்டுத் தாள்களை அலைந்து அனுப்பிய என் கொழுந்தனாருக்கும் என் வணக்கம்.

இனி நான் எழுதப்போவது, எங்களுக்கு அடுத்த இடத்தில், காரின் பின்னால் இழுத்துவரும் காரவன் வீட்டை நிறுத்தியிருந்த முதிய தம்பதியைப் பற்றி. அவர்கள் செய்தது உயிர்காக்கும் செயல் என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால் எனக்கு அவர்களைப் பற்றித்தான் எழுதித் தீரவில்லை.

ஹெலிகாப்டரில் எனக்கு இடம் இருக்கவில்லை. என் கணவரை டனீடினுக்குக் கொண்டுசெல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்கள். ஏரிக்கரையில் நானும், படுக்கையும் அடுப்பும் உள்ள, ஏழு மீட்டர் நீளமுள்ள எங்கள் கேம்பர்வேனும் நின்றோம். பிக்டனில் தொடங்கி அதுவரை அதை ஓட்டியவர் அவர்தான். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக என் பெயரும் இருந்தது. கோவையில் சின்னக் கார் ஓட்டுபவள்தான் நான். இங்கும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இருந்தும் பயணம் முழுவதும் நான் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். அது எங்களுக்குள் யாரும் பேசி முடிவு செய்யாத ஏற்பாடு. பெரும்பாலான நம் வீடுகளில் உள்ள ஏற்பாடு.

அந்தப் பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது, “நீங்கள் எப்படிப் போக விரும்புகிறீர்கள்?” என்பதுதான். பதறி நிற்கும் ஒருவரிடம் விருப்பத்தைக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவருடைய உடைகளும் மருந்துகளும் எங்கள் படுக்கையும் அடுப்பும் எல்லாம் இந்த வண்டிக்குள்தான் இருக்கின்றன, இதை விட்டுவிட்டு வர மனமில்லை என்றேன். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத அவர் எங்கள் வண்டியை ஓட்ட முடியாது. “சரி, நீங்கள் ஓட்டுங்கள், நாங்கள் முன்னால் போகிறோம், ஆனால் விடியட்டும்” என்றார். ஹாஸ்ட் கணவாய்ச் சாலையில் 2013இல் டயானா அருவி அருகே மலை சரிந்து, பிறகு நெடுநாள் இரவில் அந்தப் பாதையையே மூடி வைத்திருந்தார்களாம். பழகாத கண்ணுக்கு அது இருட்டில் போகும் பாதையல்ல என்றார். அந்த அம்மா விடியும்வரை என்னுடன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் வந்ததும் பெரியவர் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினார், அலமாரிக் கதவுகளின் தாழ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இடப்பக்கச் சக்கரங்கள் புல்லோரத்தை ஒட்டி நிற்கும்படி வேனை நகர்த்தச் சொன்னார். நான் அமர்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பாதையின் ஓரம் முன்கண்ணாடியில் எங்கே தெரிகிறது என்று கேட்டு, நான் விரல் வைத்த இடத்தில் மஞ்சள் நிற ஒட்டுநாடாவில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டினார். சாலையோர வெள்ளைக்கோடு இந்த நாடாவின் மீது விழுந்துகொண்டிருக்கும்வரை சக்கரம் ஓரத்தைத் தாண்டாது, வேறெதையும் அளக்க வேண்டாம் என்றார். அவ்வளவு பெரிய வண்டி எனக்கு அந்த நொடியில் கைக்கு அடங்கியது.

அவர் காரவனைக் கழற்றிக் கரையிலேயே விட்டுவிட்டு, வடக்கே போக வேண்டிய தம் பயணத்தை நிறுத்தி, தெற்கே திரும்பி எனக்கு முன்னால் ஓட்டினார். அந்த அம்மா என் பக்கத்தில் அமர்ந்தார். நைட்ஸ் முனையின் வளைவுகளில் என் தோள்கள் இறுகியதைப் பார்த்து, அந்த முனைக்குச் சாலையை அளந்தவர்களில் ஒருவருடைய நாயின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும், 1965இல் சாலை முழுமையாகத் திறக்கும்வரை வடக்கிலிருந்து ஹாஸ்ட்டுக்கு வண்டி வரும் வழியே இல்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவழிப் பாலங்கள் வரும்போது மட்டும் கதையை நிறுத்துவார். வட்டப் பலகையில் நம் பக்கத்து அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அடுத்த பாலத்தில் நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். ஹாஸ்ட் ஆற்றின் மேல் முக்கால் கிலோமீட்டர் அளவுக்கு நீளும் ஒற்றைத்தடப் பாலத்தில், நடுவே ஒதுங்கும் இடத்தில் நின்று எதிர்வண்டியை அனுப்பியபோது அந்த ஓட்டுநர் எனக்குக் கையசைத்தார். அன்று நான் முதன்முறை அழுதது அங்கேதான்.

ஹாஸ்ட் வாயில் எனப்படும் செங்குத்தான ஏற்றத்தை, ஆறு பாறைகளில் இரைந்து விழுவதைத் திரும்பியும் பாராமல் ஏறினேன். 562 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து, மகரோராவையும் ஹாவெயா ஏரியையும் தாண்டி வானகா ஊரில் நிறுத்தினோம். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அவர்கள் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். டீசலுக்குப் பணம் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. அங்கிருந்து குரோம்வெல், லாரன்ஸ் வழியாக டனீடினுக்கு நான் தனியாகத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது தொடக்கத்திலேயே தெரியும். காலையிலிருந்து அவர்கள் செய்த ஒவ்வொன்றும் அந்தத் தனியான பகுதிக்கு என்னைத் தயார் செய்வதற்காகத்தான் என்று லாரன்ஸ் அருகே எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கையில் எனக்குப் புரிந்தது. என்மீது இரக்கப்பட்டு உதவியவர்கள் பலர் உண்டு. என்னால் முடியும் என்று முதலில் நம்பிவிட்டு அதற்கேற்றபடி உதவியவர்கள் இவர்கள்.

தங்கள் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மொழி தெரியாவிட்டாலும் யாரேனும் படித்துச் சொல்லக்கூடும் என்ற நம்பிக்கையில் ஒன்று சொல்கிறேன்: அம்மா, ஐயா, அவர் பிழைத்துவிட்டார், நீங்கள் கேட்டுக்கொண்டபடியே வழியில் இருமுறை நிறுத்தி ஓய்வெடுத்துத்தான் ஓட்டினேன்.

ஆண்டுதோறும் மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு எங்களால் இயன்றதை அனுப்புவதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். மருத்துவர்கள் விமானப் பயணத்துக்கு அனுமதித்ததும் ஊர் திரும்புவோம். திரும்பியதும் நான் செய்யப்போவது ஒன்றுண்டு. ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையிலேயே காலம் கழிக்கும் பெண்கள் எங்கள் குடும்பத்திலும் தெருவிலும் பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு பொள்ளாச்சி சாலையில் ஓட்டவைப்பேன். நேற்று தொலைபேசியில் சொன்னபோது என் நாத்தனார் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
கோவையிலிருந்து வந்த இருவர்