வைகை கடல் சேரும் ஊர்களின் வரலாற்றை மாணவர்கள் நேரில் அறிய உதவி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இராமநாதபுரம் மாவட்டத்தின் அழகன்குளம், ஆற்றங்கரை ஆகிய ஊர்களுக்குக் களப்பயணம் அழைத்துச் செல்ல அனுமதியும் பேருந்து வசதியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வைகைக் கரைப் பள்ளிகளில் இருபத்தாறு ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். “டீச்சர், நம்ம ஆறு எங்க போயி முடியுது?” என்று ஒரு மாணவி கேட்டபோது வரைபடத்தைத்தான் என்னால் காட்ட முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகே அந்த இடத்தை நானும் பார்த்தேன்.

கீழடிக்கு இன்று நம் பிள்ளைகள் போய் வருகிறார்கள். அதே வைகை கடலை நெருங்கும் அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தி, ரோமானியக் காசுகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்துள்ளது. அவற்றுள் கப்பல் உருவம் கீறப்பட்ட ஓடும் ஒன்று. பாண்டியர் தலைநகருக்குக் கடல் கடந்து வணிகம் வந்த வழியை அந்த மண்ணில் நின்று சொன்னால்தான் பிள்ளைகள் மனத்தில் பதியும். அங்கே மழை அரித்த வரப்பில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓர் ஓட்டுத் துண்டு கிடந்தது. குனிந்து பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவந்தேன். எடுத்து வருவது முறையன்று என்பதையும் அங்கேயே கற்பிக்கலாம்.

மண்ணுக்கு மேலும் வரலாறு இருக்கிறது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் பெயர்களைச் சொல்லி, எந்தக் காற்றுக்கு எங்கே வலை விடுவது என்று விளக்கினார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவு தெரிந்த வயதில் கண்டவர்கள் இன்று எழுபதை ஒட்டியவர்கள், அல்லது கடந்தவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

எனவே, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில், முதற்கட்டமாகச் சோழவந்தான் வட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்யுமாறும், தொல்லியல் அறிந்த ஒருவரை உடன் அனுப்பத் துறையைக் கேட்டுக்கொள்ளுமாறும், இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மாணவர்கள் எழுதிவரும் பதிவுகளை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வைக்க வழிசெய்தால் பிறருக்கும் பயன்படும். பயணத்துக்கு முன் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களைத் தயார்செய்யும் பணியை ஊதியமின்றிச் செய்துதர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: சோழவந்தான்