கீற்றணியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அக்காவுக்கும், பம்பு அண்ணனுக்கும், பக்கத்து ஆய்வக நண்பருக்கும்,

போன மாதம் எங்கள் லேசரின் வெற்றிடக் கலத்தைத் திறந்தோம். அக்கா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் கடைசிக் கீற்றணியில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்வரித் தகட்டில், பழுப்பாக ஒரு திட்டும், அதற்குள் குண்டூசி முனை அளவில் மூன்று கரும்புள்ளிகளும் தெரிந்தன. பதற்றத்தில் லென்ஸ் துடைக்கும் தாளை உருவிவிட்டேன். "தொடாதேப்பா, வரியெல்லாம் போயிடும்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள், அக்கா. ஒரு மில்லிமீட்டருக்குள் 1480 வரிகள், மேலே மெல்லிய தங்கப் பூச்சு. அன்று நான் துடைத்திருந்தால் கருகாத இடமும் வீணாகியிருக்கும்.

1985இல் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூருவும் காட்டிய வழியில்தான் எங்கள் லேசரும் ஓடுகிறது. கண நேரமே நீடிக்கும் ஒளித் துடிப்பை நீட்டி, பெருக்கி, கடைசியில் கீற்றணிகளால் சுருக்குவோம். நீட்டுவதால் துடிப்பைப் பெருக்கும் கருவி தப்பிக்கிறது. சுருங்கிய துடிப்பின் முழு வீரியமும் கடைசிக் கீற்றணியின் தலையில் இறங்குகிறது. அவ்வளவு குறுகிய துடிப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ஜூல் ஆற்றலைக்கூடத் தங்கம் தாங்காது. இது தெரிந்தும், லேசர் கற்றையில் எங்கோ ஒரு புள்ளி மட்டும் கூடுதலாகப் பிரகாசிப்பதை நான் கவனிக்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தது நண்பர்தான். நுண்ணோக்கிப் படத்தையும் கேமராவில் எடுத்த கற்றைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று கருகலும் மூன்று பிரகாசப் புள்ளிகளின் மேல் அச்சாக உட்கார்ந்தன. முன்னால் இருந்த கண்ணாடியொன்றில் ஒட்டியிருந்த தூசிகளைச் சுற்றி ஒளி வளைந்து, தள்ளிப் போய்க் குவிந்திருக்கிறது. நண்பரே, ஒரு முழு சனிக்கிழமையை எனக்காகக் கொடுத்தீர்கள்.

பழுப்புத் திட்டுக்குக் காரணம், கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பிலிருந்து பின்னோக்கி வந்த எண்ணெய் ஆவி. லேசர் பட்டுக் கரியாகியிருக்கிறது. அண்ணன் இரண்டு இரவு தங்கி அந்தப் பம்பைக் கழற்றி, எண்ணெயில்லாத பம்பை மாட்டினார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டோரைத் திறந்துவிட்ட ஐயாவுக்கும் நன்றி.

அப்புறம் கீற்றணியை வரிகளின் திசையிலேயே 6 மில்லிமீட்டர் நகர்த்தினோம். கருகல் கற்றைக்கு வெளியே போய்விட்டது. துடிப்பின் நீளம் மாறவில்லை. திரையில் அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை சோதனைக்காக மறுபடி கலத்தைத் திறக்கிறோம். அக்கா, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். டார்ச்சை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி