டீச்சரம்மா வீட்டு வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுதேன். வாட்ஸ்அப்ல அனுப்பினா ப்ளூ டிக்கோட முடிஞ்சிருது, அதான் மெயில்ல நீளமா போடுதேன், நைட் டூட்டி முடிஞ்சு வந்து பொறுமையா படி. சாப்பிட்டியா? மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு. போன மூணு தடவையும் வீடியோவுல அவர் முகத்தையே பாக்கல, வேலை ஜாஸ்தியா இருக்கும்.

இங்க விசேஷம் ஒண்ணுமில்ல, காத்துல முருங்க ஒடிஞ்சு விழுந்துட்டு. நம்ம சர்ச்சுக் கோயிலுக்கு புது ஐயர், அதான் பாஸ்டர், வந்திருக்காரு, உன் வயசு தான் இருக்கும். வந்த முதல் மாசமே கமிட்டில கேக்காரு, நம்ம சபையில தனியா இருக்க வயசானவங்க எத்தன பேருன்னு. சங்கக் காணிக்கை கட்டாதவங்க யாருன்னு கேட்டா மனப்பாடமா ஒப்பிப்போம், இதுக்கு ஒருத்தருக்கும் வாய் வரல. உக்காந்து எண்ணினா 31 வீடு. எல்லார் புள்ளைங்களும் நல்லா படிச்சு சென்னை, துபாய், கனடான்னு போனவங்க. பெருமை தான், என்னையவே இப்ப ஊர்ல "லெஸ்டர்ல நர்ஸா இருக்காளே, அவ அப்பா"ன்னு தான் சொல்லுதாங்க. ஆனா அந்த நர்ஸ் போன் பண்ணி 19 நாள் ஆச்சு, அது அவங்களுக்கு தெரியாது.

உங்க இங்கிலாந்துல 2018ல தனிமைக்குன்னே ஒரு மந்திரிய போட்டாங்கன்னு நீ சொன்னப்ப சிரிச்சேன்ல. 2022 குளிர்ல கரண்ட் பில்லுக்கு பயந்து ஹீட்டர் போடாதவங்களுக்கு சர்ச் ஹால தொறந்து வச்சு சூப்பு குடுக்காங்கன்னு சொன்னப்பவும், நம்ம ஊருக்கு இதெல்லாம் வேண்டாம்னு பெருசா பேசினேன். இங்கயும் வயசானவங்களுக்குன்னு உள்ள 14567க்கு அடிச்சா கவர்மெண்ட்ல பேசுவாங்க, தகுதி உள்ளவங்களுக்கு ஓஏபின்னு முதியோர் பென்ஷன் 1,200 ரூபாவும் வருது, ஆனா அதெல்லாம் வந்து கதவத் தட்டாதே.

ஐயர் ஆளுக்கு நாலு வீடு பிரிச்சு குடுத்தாரு. கூட்டமா போகக் கூடாதாம். 15 பேரா போய் கீர்த்தனை பாடி டீய குடிச்சிட்டு அரை மணி நேரத்துல எந்திரிச்சிருவோம்லா, "ஜெபிப்போமா"ன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம், அது அவங்களுக்கும் தெரியும், நாம கண்ண மூடுததுக்குள்ள அவசரமா இன்னொரு கதைய ஆரம்பிப்பாங்க பாத்திருக்கியா. இப்ப ஒரே ஆள், அதே கிழமை, அதே நேரம், ஜெபம் அவங்க கேட்டா கடைசில. கொரோனாவுக்கு அப்புறம் ஆராதனை யூடியூப்ல தான் வருதேன்னு ஆட்டோ அனுப்புறத நிறுத்திருந்தோம், அதையும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. கோயிலுக்கே வராத பக்கத்து தெரு இந்து பாட்டியும் லிஸ்ட்ல உண்டு, கமிட்டில ரெண்டு பேர் மொறைச்சாங்க, மொறைக்கட்டும்.

நீயும் ரூமுக்குள்ளயே கெடக்காத. ஞாயித்துக்கெழம டூட்டி இல்லன்னா கோயிலுக்கு போ, தமிழ் ஆராதனை தூரம்னா பக்கத்துல இங்கிலீஷ்லயே போ. மாப்பிள்ளையோட போ. வெறும் பிரெட்ட தின்னுட்டு படுக்காத.

ஒண்ணு சொல்லணும். உனக்கு மூணாம் கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லித்தந்த டீச்சரம்மா வீடு எனக்கு வந்துச்சு, வியாழக்கிழமை. ஒரு முறுக்க நாலா ஒடச்சு தட்டுல வச்சு ஒவ்வொரு துண்டா நீட்டுவாங்க, அது தீருத வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்னு அவங்க கணக்கு. மூணு வாரம் போனேன். நாலாவது வாரம் டிவில மேட்ச், போகல. போகாதது கூட போகட்டும், போய்ட்டு வந்தா எழுதுத நோட்டுல "பாத்தாச்சு, சுகம்"னு எழுதி கையெழுத்தும் போட்டேன் பாப்பா. அன்னைக்கு ராத்திரி டீச்சரம்மா பாத்ரூம்ல விழுந்து, காலைல பால்காரர் அவங்க சத்தத்த கேட்டு தான் கதவ ஒடச்சிருக்காங்க. இடுப்பெலும்பு முறிஞ்சுட்டு. ஆஸ்பத்திரில ஐயர் கேக்காரு, சார் அன்னைக்கு வந்ததா நோட்டுல இருக்கே, நல்லாத்தான இருந்தீங்கன்னு. அவங்க என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. பாத்துட்டு, "ஆமா ஐயரே, சார் வந்தாரு, அவர் போன பொறவு தான் நான் வழுக்கிட்டேன்"னாங்க.

காப்பி அடிச்ச பயலுவள பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சவன் நான், 37 வருஷம். அங்க தலைய தொங்கப் போட்டுட்டு ஆரஞ்சு உரிச்சு குடுத்துக்கிட்டு நிக்கேன். ஐயர்ட்ட இன்னும் சொல்லல. உன்கிட்ட தான் சொல்லுதேன்.

நேத்து ராத்திரி தூக்கம் வராம உன் மெசேஜ் எல்லாத்தையும் மேல தள்ளி தள்ளி பாத்தேன். கிறிஸ்மஸுக்கு பொறவு "நல்லா இருக்கேன்பா". ஈஸ்டருக்கு "நல்லா இருக்கேன்பா". போன வாரமும் அதே தான், ஒரு எழுத்து மாறல. நான் நோட்டுல எழுதின மாதிரியே இருக்கு.

நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மாப்பிள்ளை பக்கத்துல இருந்தா அவர்ட்ட போன குடு, ரெண்டு வார்த்தை பேசுதேன். இல்லன்னாலும் கூப்பிடு. இங்க மணி என்னன்னு பாக்காத, நான் முழிச்சிட்டு தான் கெடப்பேன்.

அப்பா